சும்மா இருப்பதை ஒழித்த வரலாறு

மனித குலத்தின் வரலாற்றை இரண்டே பாகங்களில் எழுதி முடித்துவிடலாம். உலகத்துப் பொருள்கள் எல்லாம் அதனதன் இடத்தில் சும்மா இருந்த காலம் முதல் பாகம். ஒரு கார் பழுதுபார்க்கும் நிலையத்துக்குப் புதுத் தலைவர் வந்து, சும்மா இருப்பதையே ஒழித்த காலம் இரண்டாம் பாகம். முதல் பாகத்தில் யாரோ நெருப்பைக் கண்டுபிடித்தார்கள், யாரோ சக்கரத்தைக் கண்டுபிடித்தார்கள். எல்லாம் சில்லறைக் காரியங்கள். அந்தச் சக்கரம் சுற்றாமல் நிற்கிற நேரத்தில் அதற்கு வேறு என்ன வேலை கொடுப்பது என்று கவலைப்பட ஓர் ஆள் கிடைத்தது இரண்டாம் பாகத்தில்தான்.

தலைவர் அதற்கு முன்பு பன்னிரண்டு வருடம் சோப்புக் கம்பெனியில் இருந்தவர். கார் ஓட்டத் தெரியாது. அதைக் குறையாக அல்ல, தகுதியாகவே சொல்லிக்கொள்வார். "தெரிஞ்சவங்களுக்கு ஒரு பக்கமா மனசு சாஞ்சிடும். எனக்கு அந்த ஆபத்தே இல்லை" என்பார். வந்த முதல் வாரத்தில் பெயர்ப்பலகையிலிருந்து 'பழுது' என்ற சொல்லை நீக்கினார். அந்த இடம் 'வாகன நலவாழ்வு மையம்' ஆனது. இரண்டாம் வாரத்தில் 'வீண் ஒழிப்பு இயக்கம்' தொடங்கியது.

இயக்கத்தின் தத்துவம் எளிமையானது. அசையாதது எல்லாம் வீண். தலைவர் கையில் ஒரு கட்டுச் சிவப்புச் சீட்டோடு காலையில் ஒரு சுற்று வருவார். மூன்று நாளாக எது அசையவில்லையோ அதன்மேல் ஒரு சீட்டு ஒட்டுவார். ஒரு வாரம் கழித்து அது வாசலுக்குப் போய்விடும்.

வாடிக்கையாளர் அறையின் நாற்காலிகள்தான் முதலில் போயின. உட்கார ஆள் இல்லாத நேரங்களில் அவை சும்மா இருப்பது கையும் களவுமாகப் பிடிபட்டது. அடுத்து முதலுதவிப் பெட்டி. அடுத்து, ஆலோசனை அறைச் சுவரில் தொங்கிய தீயணைப்பு உருளை.

"நாலு வருஷமா தொங்குது. ஒரு தடவையாவது வேலை செஞ்சிருக்கா?" என்று கேட்டார்.

"தீப்பிடிக்கலை சார்" என்றார்கள்.

"பாத்தீங்களா? சாக்கு!"

கடைசியாகப் போனது ஒரு பிஸ்கட் டப்பா. முப்பது வருடமாக மிச்சம் விழுந்த நட்டு, போல்ட், வாஷர் எல்லாம் அதில் கிடந்தன. "இத்தனையும் சும்மாவா கிடக்குது?" என்று தலைவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டதைப் பார்த்தவர்கள் இன்றும் சொல்வார்கள். டப்பா எடைக்குப் போனது.

இப்படிப்பட்ட பொற்காலத்திலும் ஒருத்தி மட்டும் சும்மா நின்றுகொண்டிருந்தாள். அவள் அந்த நிலையத்தின் எலக்ட்ரீஷியன். பத்தொன்பது வருடமாக ஒயரோடு மல்லுக்கட்டியதில் எல்லோருக்கும் அவள் கரண்டக்கா. அவளிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. எதையும் தொடுவதற்கு முன்னால் காருக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்று யோசிப்பாள்.

"ஏம்மா சும்மா நிக்கறீங்க?" என்று தலைவர் கேட்டார்.

"யோசிக்கறேன் சார். கரண்ட் கண்ணுக்குத் தெரியாது. எங்க போகுது, எங்க நிக்குதுன்னு மனசுல ஓட்டிப் பாக்கணும்."

"ஓட்டிப் பாருங்க, வேண்டாங்கலை. நடந்துகிட்டே ஓட்டுங்க."

அன்றிலிருந்து கரண்டக்கா காரைச் சுற்றிச் சுற்றி நடந்தபடி யோசித்தாள். செக்கு மாடு தோற்றது. அப்படியும் ஒரு நாள், எட்டாவது சுற்றில் கால் வலித்து நின்றபோது, தலைவர் அவள் சேலைமேல் மாட்டியிருந்த வேலைச் சட்டையின் முதுகில் ஒரு சிவப்புச் சீட்டை ஒட்டிவிட்டுப் போனார். இன்னொரு சீட்டு விழுந்தால் அவளும் வாசலுக்குப் போக வேண்டியதுதான்.

அவளுடைய பழைய சோதனை பல்புக்கும் சீட்டு விழுந்திருந்தது. இரண்டு ஒயர், நடுவில் ஒரு கார் பல்பு, அவ்வளவுதான். "இருபத்தோராம் நூற்றாண்டுல பல்பா?" என்று தலைவர் வருத்தப்பட்டார். கரண்டக்கா அதைச் சாப்பாட்டுப் பையில், டப்பாவுக்கு அடியில் ஒளித்து வைத்துக்கொண்டாள்.

*

அந்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, வாடிக்கையாளர் அறையாக இருந்து, நாற்காலிகள் போனபின் 'மகிழ்ச்சிக் கூடம்' ஆகிவிட்ட இடத்தில் ஒரு நர்ஸம்மா நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயது, வெள்ளைக் காலணி, தோளில் கனத்த பை. படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்து, புண் துடைத்து, கட்டு மாற்றி, குழாய் மாற்றிவிட்டு வருகிறவர். அவருடைய கார் பதினோரு நாளாக உள்ளே, கார்களை நிறுத்தி வேலை பார்க்கும் மூன்றாம் கட்டத்தில் நின்றது.

"ஆயில் மாத்தத்தான் கொண்டு வந்தேன்" என்றார் நர்ஸம்மா. இதை அவர் சொல்வது அன்றைக்கு நான்காவது தடவை. "நானேதான் ஓட்டிட்டு வந்தேன். ஓடற கார்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க மேடம்" என்றார் தலைவர் இரக்கத்தோடு.

"உள்ளேயும் கழுவித் தரோம், இலவசம்னு சொன்னீங்க. பின்சீட்டைத் தூக்கிக் கழுவினீங்க. சாயங்காலம் வந்து சாவியைத் திருகினா ஸ்டார்ட் ஆகலை. அன்னிலேருந்து ரெண்டு பம்ப் மாத்திட்டீங்க."

"ரெண்டுமே புத்தம் புதுசு" என்றார் தலைவர்.

"ஓடலையே!"

"புதுசு இல்லைன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

நர்ஸம்மா பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார். "இதப் பாருங்க சார். எனக்குப் பதினாலு பேர் இருக்காங்க. பத்து நாளா பஸ் மாறி பஸ் மாறிப் போயி பாதிப் பேரைத்தான் பாக்க முடிஞ்சது. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள காரோட போயி ஆபீஸ்ல கையெழுத்துப் போடலைன்னா பதினாலு பேரையும் வேற கம்பெனிக்கு மாத்திடறாங்க. அவங்க நேர்ல வர மாட்டாங்களாம். போன்லயே பாப்பாங்களாம். புண்ணை போன்ல காட்டினா போதுமாம்."

"நல்ல முன்னேற்றம்தானே மேடம்?"

"ஒருத்தர் அஞ்சு வருஷமா படுத்திருக்காரு. வீட்ல சம்சாரம் மட்டும்தான். அந்தம்மாவுக்குக் கண்ணு தெரியாது. எந்தப் புண்ணை எந்தப் போன்ல காட்டுவாங்க?"

தலைவர் இதை மிகக் கவனமாகக் கேட்டார். பிறகு, "பதினோரு மணிக்கு ஆலோசனைக் கூட்டம் வெச்சிருக்கேன். உங்க காருக்காகவே. ஏழாவது கூட்டம்" என்றார். ஒரு காருக்கு ஏழு கூட்டம் போட்ட நிலையம் உலகத்தில் வேறு எங்கேயாவது உண்டா?

கதவோரம் நின்ற கரண்டக்கா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அதாவது, நடந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

*

கூட்டம் ஆலோசனை அறையில், நர்ஸம்மா உட்பட எல்லோரும் நின்றபடி நடந்தது. சுவரில், முன்பு தீயணைப்பு உருளை தொங்கிய இடத்தில், இப்போது ஒரு பட்டயம் தொங்கியது. தடித்த பித்தளைத் தகடு, தேக்குச் சட்டம். 'வீண் ஒழிப்பில் முதன்மை நிலையம்' என்று பொறித்திருந்தது. பதினோரு நாளைக்கு முன் தலைமையகம் அனுப்பிவைத்தது; அன்றே அவர்கள் நேரில் வந்து பார்த்துவிட்டும் போனார்கள்.

"ஸ்கேனர் என்ன சொல்லுது?" என்று தொடங்கினார் தலைவர்.

காரின் கோளாறைக் காட்டும் பலகையான ஸ்கேனரைப் பிடித்திருந்தவர் கரண்டக்காவின் அக்கா வீட்டுக்காரர். அவள் 'அத்தான்' என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு நிலையம் முழுக்க அவருக்கு ஸ்கேனர் அத்தான் என்றே பேராகிவிட்டது. ஒரு காலத்தில் என்ஜின் சத்தத்தைக் கேட்டே நோய் சொன்னவர். இப்போது கையில் இருக்கும் பலகையைத் தடவிப் பார்த்துச் சொல்வார்.

"'எரிபொருள் பம்ப் மின்சுற்று, கோளாறு' அப்படின்னு சொல்லுது சார்" என்றார் அத்தான். "போன வாரமும் அதான் சொல்லுச்சு."

"பம்ப்!" என்றார் தலைவர்.

"மின்சுற்று" என்றாள் கரண்டக்கா.

"அதுல பம்ப்னு இருக்கா, இல்லையா?"

"இருக்கு சார். பம்ப்புக்குப் போற சுற்றுல ஏதோன்னு சொல்லுது. வீட்டுக்குப் போற ரோடு சரியில்லைன்னா வீட்டை இடிச்சா கட்டுவோம்?"

தலைவர் குறித்துக்கொண்டார். 'கட்டடப் பணி நம் வரம்பில் இல்லை.'

"கரண்ட் வருதான்னு பாத்தீங்களா அத்தான்?"

"பாத்தேனே. மீட்டர்ல ஒரு முனையை பம்ப் சாக்கெட்ல வெச்சேன், இன்னொரு முனையை கார் பாடில வெச்சேன். பன்னெண்டரை வோல்ட். கும்முனு வருது. கரண்ட் வருது, பம்ப் ஓடலை. அப்ப பம்ப்தானே கெட்டது?"

"ஒண்ணு கெட்டதுன்னா சரி. ரெண்டாவதும் கெட்டதா?"

"அதனாலதான் மூணாவது" என்றார் தலைவர். அந்தத் தர்க்கத்தின் அழகைக் குறிப்பில் அடிக்கோடிட்டுக்கொண்டார். "தீர்மானம்: மூன்றாவது பம்ப் வரவழைக்கப்படும். செவ்வாய்க்கிழமை வந்துடும்."

"செவ்வாயா?" என்றார் நர்ஸம்மா.

"சார், எனக்கு அரை மணி நேரம் குடுங்க" என்றாள் கரண்டக்கா. "என் பல்பை வெச்சு ஒரு தடவை பாத்துடறேன்."

"சோதனைப் படிவத்துல நாப்பத்து மூணு படி இருக்கும்மா. எந்தப் படியிலயாவது பல்புன்னு எழுதியிருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப அந்தப் படியில நீங்க கால் வெச்சா கீழதான் விழுவீங்க." தலைவர் தன் நகைச்சுவையைத் தானே ரசித்தார். "இன்னொரு சீட்டு என் பாக்கெட்லயே இருக்கு. மறந்துடாதீங்க."

கூட்டம் கலைந்தது. நடவடிக்கைக் குறிப்பில், 'வாடிக்கையாளர் ஒரு சொல்லில் தன் உணர்வைத் தெரிவித்தார்' என்று பதிவானது.

*

மூன்றே முக்கால் மணிக்குத் தலைவர் ஆலோசனை அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். தலைமையகத்தோடு கணினி வழிக் கூட்டம். பொருள்: 'நீண்ட கூட்டங்களைக் குறைப்பது எப்படி?' இரண்டு மணி நேரம் நடக்கும்.

கரண்டக்கா சாப்பாட்டுப் பையைத் திறந்தாள்.

"அத்தான், பின்சீட்டைத் தூக்குங்க."

"ஏம்மா, வம்பை விலைக்கு வாங்காதே. உன் வேலை போயிடும்."

"தூக்கறீங்களா, இல்ல உங்க பலகையில விடிய விடிய சீட்டாட்டம் நடக்கறதை அக்காகிட்ட சொல்லட்டுமா?"

சீட் தூக்கப்பட்டது.

"நர்ஸம்மா, நீங்க முன்னாடி உக்காருங்க. நான் சொல்றப்பல்லாம் சாவியைத் திருகுங்க. ஸ்டார்ட் பண்ண வேண்டாம், பாதி திருகினா போதும்."

நர்ஸம்மா உட்கார்ந்தார். அந்த நிலையத்தில் பதினோரு நாளில் அவர் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை.

ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்தாள் கரண்டக்கா. நன்றாக இருந்தது. பம்ப்புக்குக் கரண்ட்டைத் திறந்துவிடும் ரிலேமேல் விரலை வைத்துக்கொண்டு, "திருகுங்க" என்றாள். டிக். விரலுக்குக் கீழே அது துள்ளியது. "இதுவும் உயிரோடதான் இருக்கு." பிறகு பம்ப்பின் சாக்கெட்டைக் கழற்றி, பம்ப்புக்குப் பதிலாகப் பல்பைக் கொண்டுவந்தாள். ஒரு ஒயரை உள்ளே வரும் முனையில் வைத்தாள். மற்றதைக் கார் பாடியில் வைத்தாள்.

"திருகுங்க."

பல்பு இரண்டு விநாடி பளிச்சென்று எரிந்து அணைந்தது.

"பாத்தியா? நான் சொன்னதுதானே?" என்றார் அத்தான்.

"இருங்க." பாடியில் வைத்திருந்த ஒயரை எடுத்து, அதே சாக்கெட்டில் இருந்த கறுப்பு ஒயரின் முனையில் வைத்தாள். "இப்பத் திருகுங்க."

இருட்டு.

"மறுபடி."

இருட்டு.

"இன்னொரு வாட்டி நர்ஸம்மா."

பல்பு கண்ணைத் திறக்கவே இல்லை. கரண்டக்கா நிமிர்ந்தாள். அத்தானைப் பார்த்தாள்.

"வர்ற கரண்ட்டைப் பாத்தீங்க. அது திரும்பிப் போற வழியைப் பாத்தீங்களா? பம்ப்பு என்ன, உங்க மீட்டர் மாதிரி நேரா பாடில கை வெச்சுகிட்டா நிக்குது? இந்தக் கறுப்பு ஒயர் வழியாத்தான் எர்த்துக்குப் போகணும். அது எங்கயோ அறுந்து கெடக்கு."

"திரும்பலைன்னா ஓடாதா?" என்று முன்னாலிருந்து கேட்டார் நர்ஸம்மா.

"உங்க தொழில்தான் நர்ஸம்மா. ரத்தம் போனா மட்டும் போதுமா?"

"போதாது" என்றார் நர்ஸம்மா. "திரும்பி வரணும்."

ஏழு கூட்டங்களில் எட்டாத முடிவு இப்படி இரண்டு வரியில் எட்டப்பட்டது. அதனால்தான் அது எந்தக் குறிப்பிலும் இடம்பெறவில்லை.

கரண்டக்கா கறுப்பு ஒயரைப் பிடித்துக்கொண்டே போனாள். கம்பளத்துக்கு அடியில் போனது. சீட்டு ஓரமாக வளைந்தது. ஒரு சாணுக்கு அப்பால் முடிந்தது. முனையில் ஒரு வளையம், வளையத்துக்குள் வெறும் காற்று. பக்கத்துத் தகட்டில் ஒரு துளை. துளையைச் சுற்றிப் பளபளவென்று வட்டமாக ஒரு தடம். பல வருடமாக ஒரு போல்ட் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த தடம்.

"போல்ட்டைக் காணோம்" என்றாள்.

அத்தானின் பார்வை கூரையில் எதையோ தேடியது.

"அத்தான்?"

அத்தான் பலகையைத் தடவத் தொடங்கினார்.

"அத்தான், இங்க பாருங்க. அக்கா பேரைச் சொல்லவா?"

"அன்னிக்குப் பட்டயம் வந்துதில்ல?" என்றார் அத்தான் மெதுவாக. "தலைமையகத்துலேருந்து நாலு மணிக்கு வராங்கன்னாங்க. வர்றதுக்குள்ள மாட்டியாகணும். சுவத்துல அந்தத் தீயணைப்பு உருளை மாட்டியிருந்த துளை இருந்துச்சு. போல்ட்தான் இல்லை. டப்பாவை எடைக்குப் போட்டாச்சு. சார் ஒவ்வொரு கட்டமா தேடிட்டு வந்தாரு. நான் இந்தக் காரோட சீட்டைத் தூக்கிட்டு நின்னேன்."

"சொல்லுங்க."

"இந்த போல்ட்டைக் காட்டி, 'இது ஆடுதா?'ன்னாரு. 'ஆடலை சார்'னேன். 'சுத்துதா?' 'இல்ல சார்.' 'சத்தம் போடுதா?' 'இல்ல சார்.' 'பின்ன என்னதான் பண்ணுது?'"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"'சும்மா இருக்கு சார்'னேன்."

முன்சீட்டில் நர்ஸம்மா இரண்டு கைகளையும் ஸ்டீயரிங்மேல் வைத்து, கைகள்மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். அவர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

"எதுக்குன்னு சொல்லியிருக்கலாமே?"

"அவரு எதுக்குன்னு கேக்கலையேம்மா! சும்மா இருக்கான்னுதான் கேட்டாரு. ஒரே ஒரு போல்ட்டுதானேன்னு நானும் விட்டுட்டேன். அப்புறம் பம்ப் மாத்தற மும்முரத்துல மறந்தே போச்சு."

"வேற போல்ட் இருக்கா?"

"இந்த மையத்துல சும்மா இருக்கற போல்ட்டா?" என்றார் அத்தான். பதினோரு நாளில் அவர் பேசிய ஒரே புத்திசாலித்தனமான பேச்சு அது.

மணி நாலு இருபது. கரண்டக்கா பத்தாம் நம்பர் ஸ்பானரை எடுத்துக்கொண்டாள்.

*

ஆலோசனை அறையில் தலைவர் கணினிக்கு முன் நின்று உரையாற்றிக்கொண்டிருந்தார். காமிராவில் தன் தலைக்கு மேலே பட்டயம் நன்றாகத் தெரியும்படி நிற்பதற்காகத் தரையில் தன் காலடிக்கு ஒரு கோடு போட்டு வைத்திருந்தார்.

"...ஆக, நான் எங்கள் மையத்தில் கண்டறிந்தது என்னவென்றால்..."

கதவு திறந்தது. கரண்டக்கா நேராகச் சுவரிடம் போனாள்.

"என்னம்மா?" என்றார் தலைவர், உதடு அசையாமல்.

"நீங்க பேசுங்க சார். எனக்கு ரெண்டு நிமிஷ வேலைதான்."

"எதைக் கழட்டறீங்க?"

"நர்ஸம்மா கார் சாமான் ஒண்ணு இங்க இருக்கு சார்."

"அது பட்டயத்தோட போல்ட்!"

"பட்டயத்துக்கு வந்து பதினோரு நாள்தான் சார் ஆகுது. அதுக்கு முன்னாடி இருந்த இடத்துக்குக் கூப்பிட்டு விட்டிருக்காங்க."

ஸ்பானர் நான்கு சுற்றுச் சுற்றியது. 'வீண் ஒழிப்பில் முதன்மை நிலையம்' தலைவரின் தலைக்குப் பின்னால் மெல்லச் சாய்ந்து, அவருடைய காது வழியாக இறங்கி, திரையை விட்டு மறைந்தது. கரண்டக்கா அதைக் கீழே விழாமல் பிடித்துச் சுவரோரம் சாய்த்துவைத்தாள்.

கணினியிலிருந்து தலைமையகத்தின் குரல் வந்தது. "உங்க பின்னாடி என்ன நடக்குது?"

சாதாரண மனிதர்கள் இந்த இடத்தில் உளறுவார்கள். தலைவர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "அசையாததை அசைக்கிறோம் சார். நாங்க வாங்கின பட்டயத்தைக்கூட சும்மா தொங்க விடறதில்லை."

தலைமையகம் கை தட்டியது. திரையின் எல்லாச் சன்னல்களிலும் எல்லோரும் கை தட்டினார்கள். கைதட்டல் முடிவதற்குள் கரண்டக்கா படியிறங்கிவிட்டாள்.

வளையத்தைத் துளைமேல் வைத்தாள். போல்ட்டைப் போட்டு முறுக்கினாள். சாக்கெட்டை பம்ப்பில் மாட்டினாள். "திருகுங்க நர்ஸம்மா."

பின்சீட்டுக்கு அடியில் பம்ப் 'உய்ய்ய்' என்று இரண்டு விநாடி பாடியது. அடுத்த திருகலில் என்ஜின் பிடித்துக்கொண்டது. நர்ஸம்மா வாயைத் திறந்து எதையோ சொல்லப் போனார். கரண்டக்கா மணிக்கட்டைத் தட்டிக் காட்டினாள். நாலு முப்பத்தைந்து.

"ஒண்ணே ஒண்ணு" என்றார் நர்ஸம்மா, சன்னலை இறக்கி. "நான் ஆயில் மாத்தக் கொண்டு வந்தேனே, அதை மாத்தினீங்களா?"

அத்தான் பலகையைத் தடவினார். "'மாற்றப்பட்டது'ன்னு இருக்கும்மா."

கரண்டக்கா என்ஜினை நிறுத்தச் சொல்லி, மூடியைத் தூக்கி, அளவுக் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தாள். தார் மாதிரி இருந்தது.

"மாத்தலை" என்றாள். "ஆனா அளவு இருக்கு. பதினாலு வீட்டுக்கும் போயிட்டு வரலாம். வேற எங்கயாவது குடுத்து மாத்திக்கங்க."

கார் போனது. அஞ்சுக்கு மூன்று நிமிடம் இருக்கையில் கையெழுத்து விழுந்ததாக நர்ஸம்மா போன் செய்தார். கண் தெரியாத அந்த அம்மா வீட்டுக்கு மறுநாள் காலையே போய்விட்டாராம்.

*

திங்கட்கிழமை கரண்டக்காவுக்குக் குறிப்பாணை வந்தது. நீதி தவறாத அந்த ஆவணத்தின் வாசகம் இது:

'அங்கீகரிக்கப்படாத பல்பு ஒன்றைப் பயன்படுத்தியது முதல் குற்றம். பட்டயத்தைத் தாங்கும் முக்கியப் பணியில் முழுநேரமும் ஈடுபட்டிருந்த, மையத்துக்குச் சொந்தமான போல்ட் ஒன்றைக் கழற்றி, வெளியார் காரில், அதுவும் எந்த அசைவும் இல்லாத ஓர் இடத்தில் சும்மா முடக்கிவைத்தது இரண்டாம் குற்றம்.'

"சார், அந்த போல்ட் அந்தக் காரோடது" என்றாள் கரண்டக்கா.

"இருந்துச்சு. அங்க என்ன பண்ணிட்டு இருந்துச்சு?"

"கரண்ட் அது வழியாத்தான் திரும்பிப் போகும்."

"நான் பாத்தப்ப எதுவும் போகலையே!" என்றார் தலைவர். கண்ணால் கண்டதைத் தவிர வேறு எதையும் நம்பாத மனிதர். இரண்டாவது சிவப்புச் சீட்டை ஒட்டினார். முதல் சீட்டுக்கு நேர் கீழே, கோணாமல் ஒட்டினார். கரண்டக்கா வேலைச் சட்டையைக் கழற்றி மடித்து மேசைமேல் வைத்துவிட்டு, பல்பை மட்டும் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அந்த வார முடிவில் தலைமையகம், திரையில் தான் கண்ட காட்சியில் மெய்மறந்து, இன்னும் பெரிய பட்டயம் ஒன்றை அனுப்பிவைத்தது. இதற்கு நாலு மூலையிலும் நாலு போல்ட் வேண்டும்.

அதற்கடுத்த புதன்கிழமை கரண்டக்காவின் போன் அடித்தது.

"ஏம்மா, அத்தான் பேசறேன். அந்தப் பல்பு இருக்கா?"

"எந்தப் பல்பு அத்தான்? சீட்டு விழுந்துச்சே, அதுவா?"

"கிண்டல் பண்ணாதே. நாலு கார் நிக்குது. நாலும் ஒரே கோளாறு காட்டுது. பம்ப் மின்சுற்றுன்னு. எட்டு பம்ப் மாத்தியாச்சு."

"நாலு காரும் எப்படி வந்துச்சு?"

"ஓட்டிட்டுதான் வந்தாங்க."

"சுவத்தைப் பாத்தீங்களா அத்தான்?"

"பாக்காம என்ன? தினம் பாக்கறேன். பெருசா, அம்சமா இருக்கு. முன்னது மாதிரி இல்லை, கொஞ்சம்கூட ஆடலை."

எனவே உலகம் இதைத் தெரிந்துகொள்ளட்டும். அந்த மையத்தில் இன்று சும்மா நிற்கும் நாற்காலி இல்லை, சும்மா தொங்கும் உருளை இல்லை, சும்மா கிடக்கும் போல்ட் இல்லை, நின்று யோசிக்கும் ஆள் ஒருவர்கூட இல்லை. சும்மா நிற்பவை என்று பார்த்தால் கார்கள் மட்டும்தான்.